8,000 வெள்ளிய எதுல போடறது: செராமாவா, டெஸ்ட் கிட்டா, கூட வர்ற ஆளா

எங்க சங்கம் பட்டர்வொர்த் பாகான் டாலாம்ல இருக்கு. பெரிய சங்கம்லாம் கிடையாது, மொத்தம் 11 பேரு, தைப்பூசத்துக்கு தண்ணீர்ப் பந்தல் போடுவோம், ஸ்கூல் திறக்கிற நேரத்துல பிள்ளைங்களுக்கு பேக்கு காலணி வாங்கித் தருவோம், அவ்வளவுதான். சில வருசம் முன்னாடி கோயில் மண்டபத்துல எச்ஐவி பத்தி ஒரு செராமா வச்சோம், புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, டாக்டர் ஒருத்தர கூப்பிட்டு, வடை தேத்தண்ணி எல்லாம் ஏற்பாடு பண்ணி, மண்டபம் நிறைஞ்சிடுச்சு, நாங்களும் நல்லா நடந்துச்சுனு போட்டோ போட்டுட்டு சந்தோசமா இருந்தோம். அன்னைக்கு மூணாவது வரிசையில ஒரு தம்பி உக்காந்திருந்தான், லோரி ஓட்டுறவன், எங்க பந்தல்ல தண்ணி டிரம் எல்லாம் அவன்தான் தூக்குவான். ரெண்டு வருசம் கழிச்சு அவன் ஆஸ்பத்திரில இறந்துட்டான். டிபி முத்திப் போய் சேர்த்தாங்க, எச்ஐவி இருக்குனு தெரிஞ்சதே கடைசி மாசத்துலதான்.

கருமாதி அன்னைக்கு அவனோட கூட்டாளி என்கிட்ட வந்து சொன்னான், "அண்ணே, அந்த செராமா முடிஞ்ச ராத்திரியே டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னாண்ணே, எங்க போறது, கிளினிக்ல நம்ம ஆளுங்க யாராச்சும் பார்த்துட்டா என்ன பண்றதுனு யோசிச்சு யோசிச்சே விட்டுட்டான்." அவனுக்கு விசயம் தெரியாம இல்ல. எப்படிப் பரவும், எப்படித் தடுக்கணும், எல்லாம் எங்க மண்டபத்துலயே உக்காந்து கேட்டிருக்கான்.

இந்த வருசம் ஒரு குடும்பம் எங்ககிட்ட 8,000 வெள்ளி குடுத்து எச்ஐவி தடுப்புக்குனே செலவு பண்ணச் சொன்னாங்க. கமிட்டில தலைவர் அண்ணே மறுபடியும் செராமா வைக்கலாம்னார், டீச்சர் அக்கா பையனுங்களுக்கு கவுன்சலிங் கிளாஸ் நடத்தலாம்னாங்க, ஒரு தம்பி டெஸ்ட் கிட் வாங்கிக் குடுத்துடலாம்னான், இன்னொருத்தர் எச்ஐவி வராம தடுக்கிற பிரெப் மாத்திரைக்கு ஏற்பாடு பண்ணலாம்னார். நான் ஒரு மாசம் டைம் கேட்டேன். செந்தூல், கிள்ளான் பக்கம் இருக்கிற சில சங்கத்துக்காரங்களும் இதே மாதிரி யோசிச்சிட்டு இருக்கிறதா கேள்விப்பட்டேன், அதனால நான் படிச்சது, ஒப்பிட்டுப் பார்த்தது, கடைசியில நாங்க எப்படி முடிவு பண்ணோம்ங்கிறது எல்லாத்தையும் இங்க எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல. பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில குவாலிட்டி கன்ட்ரோல்ல இருக்கேன். எங்க லைன்ல ஆப்பரேட்டர் "பார்ட் நல்லாத்தான் இருக்கு"னு சொன்னா நாங்க ரிப்போர்ட்ல எழுத மாட்டோம், கேஜ் வச்சு அளந்து பார்த்துட்டுதான் எழுதுவோம். இந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் நான் அப்படித்தான் படிச்சேன். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கேள்விதான் கேட்டுக்கிட்டேன். மாற்றம் வந்துச்சுனு எத வச்சு சொல்றாங்க, கலந்துக்கிட்டவங்க வாயால சொன்னத வச்சா, இல்ல லேப்ல ரத்தம் மூத்திரம் எடுத்துப் பார்த்தா? இன்னொண்ணு, யாரோட ஒப்பிட்டாங்க, ஒண்ணுமே கிடைக்காதவங்களோடயா, இல்ல அவங்களுக்கும் ஏதாவது உதவி கிடைச்சுதா? இந்த ரெண்டையும் பிடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்.

முதல்ல நம்ம நாட்டு நிலைமைய சொல்லிடறேன், ஏன்னா பழைய படம் மனசுல இருந்தா தப்பான இடத்துல காசு போகும். மலேசியாவுல முதல் எச்ஐவி கேஸ் 1986-ல. அப்புறம் ரொம்ப வருசம் இது ஊசி போதைப்பொருள் வழியாத்தான் அதிகமா பரவுச்சு, 2002-ல உச்சத்துக்குப் போயி அந்த ஒரே வருசத்துல 6,978 புது கேஸ். 2005-ல போதை ஊசிய விடறதுக்கு மெத்தடோன்ங்கிற மாற்று மருந்து குடுக்கிற சிகிச்சை ஆரம்பிச்சாங்க, 2006-ல புது ஊசி மாத்திக் குடுக்கிற திட்டம் வந்துச்சு, சோதனையா தொடங்கின இடங்கள்ல நம்ம பினாங்கும் ஒண்ணு. அது வேலை செஞ்சுச்சு. இப்ப வருசத்துக்கு 3,000-ஐ ஒட்டித்தான் புது கேஸ் வருது, ஆனா அதுல 90 சதவீதத்துக்கு மேல உடலுறவு வழியா. அதனால ஊசி, மெத்தடோன் பக்கம் நாங்க போகல, அது அரசாங்கமும் அனுபவமுள்ள அமைப்புகளும் செய்ற வேலை, நம்ம 8,000 வெள்ளிக்கு அங்க இடமில்ல.

செராமாவ பத்தி நீட்டி எழுத வேணாம்னு நினைக்கிறேன். தகவல் தேவைதான், ஆனா தகவல் மட்டும் குடுத்தா ஆளு டெஸ்ட்டுக்குப் போவான்னு நம்புறதுக்கு எனக்கு இனிமே மனசு வராது, மூணாவது வரிசை நாற்காலி ஞாபகத்துல இருக்கு.

டீச்சர் அக்கா சொன்ன கவுன்சலிங்தான் எனக்கும் முதல்ல பிடிச்சிருந்துச்சு. தனியா உக்கார வச்சு, உன் வாழ்க்கையில ஆபத்து எங்க இருக்கு, அடுத்த வாரத்துக்குள்ள நீ ஒரு சின்ன மாற்றம் பண்ணணும்னா என்ன பண்ணுவனு கேட்டுப் பேசுறது. இதுக்கு ஆதாரமா எல்லாரும் காட்டுறது அமெரிக்காவுல நடந்த ரெஸ்பெக்ட்ங்கிற ஆய்வு, 1998-ல ஜாமாங்கிற மருத்துவ இதழ்ல வந்தது. பாலியல் நோய் கிளினிக்குக்கு வந்த 5,758 பேர பிரிச்சு, சிலருக்கு அஞ்சு நிமிச அறிவுரை மட்டும், சிலருக்கு 20 நிமிசமா ரெண்டு தடவை கவுன்சலிங், சிலருக்கு அதைவிட நீளமா நாலு தடவை. ஆறு மாசத்துல கவுன்சலிங் கிடைச்சவங்களுக்கு புது பாலியல் தொற்று 30 சதவீதம் குறைவு, ஒரு வருசத்துல பார்த்தா 20 சதவீதம். லேப்ல அளந்தது இது, வாய்ப் பேச்சு இல்ல. இன்னொரு நல்ல விசயம், நாலு தடவை நீட்டிப் பேசினதும் ரெண்டு தடவை சுருக்கமா பேசினதும் ஏறக்குறைய ஒரே பலன்தான். இதப் படிச்சதும் டீச்சர் அக்காவுக்கு போன் போட்டு நீங்க சொன்னதுதான் சரிக்கானே சொல்லிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் லிசா மெட்ச்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரோட கட்டுரைகள் கண்ணுல பட்டுச்சு. எச்ஐவி தடுப்பு, போதைப்பொருள், நடத்தை மாற்றம், இதுலயே வருசக்கணக்கா ஆய்வு பண்ணவங்க. அவங்க பேர் இருக்கிற நாலு கட்டுரைய நான் வரிசையா படிச்சேன், எங்க முடிவு மாறினதே அந்த நாலு கட்டுரையாலதான்.

2013-ல அவங்க தலைமையில வந்த அவேர் ஆய்வு, அதுவும் ஜாமாவுலதான். ரெஸ்பெக்ட் மாதிரியே கவுன்சலிங், ஆனா இந்தத் தடவை உடனே ரிசல்ட் தெரியிற ரேபிட் டெஸ்ட்டோட சேர்த்து. 9 கிளினிக், 5,012 பேரு. பாதிப் பேருக்கு டெஸ்ட்டும் கவுன்சலிங்கும், பாதிப் பேருக்கு டெஸ்ட்டும் சுருக்கமான தகவலும் மட்டும். ஆறு மாசம் கழிச்சு லேப்ல பார்த்தா கவுன்சலிங் கிடைச்சவங்கள்ல 12.3 சதவீதத்துக்கு பாலியல் தொற்று, கிடைக்காதவங்கள்ல 11.1 சதவீதம். அதாவது கவுன்சலிங்கால ஒரு லாபமும் இல்ல. வருசக்கணக்கா கிளினிக்குகள்ல நடந்துட்டு இருந்த ஒரு வழக்கத்த சோதிச்சுப் பார்த்து, பலன் இல்லனு வந்தப்ப அத அப்படியே போட்டிருக்காங்க பாருங்க, அதுல எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை வந்துடுச்சு.

1998-ல வேலை செஞ்சது 2013-ல ஏன் செய்யல? என் கணிப்ப சொல்றேன். ரெஸ்பெக்ட் காலத்துல ஆளு ரெண்டு தடவை வரணும், ரிசல்ட்டுக்காக காத்திருக்கிற நாட்கள் இருந்துச்சு, அந்த இடைவெளியில மனுசன் தன் வாழ்க்கைய யோசிச்சுப் பார்ப்பான். ரேபிட் டெஸ்ட்ல அந்த இடைவெளி இல்ல, 20 நிமிசத்துல நெகட்டிவ்னு வந்தா அவன் மனசு ஏற்கனவே மோட்டோல ஏறி வீட்டுக்குப் போயிடும், நீங்க பேசுறது காதுல விழாது. அதோட 2013-க்குள்ள ஒப்பீட்டு குழுல இருந்தவங்களுக்கும் அடிப்படை விசயம் நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

2012-ல வந்த இன்னொரு ஆய்வு, இதுவும் மெட்ச் தலைமைதான். போதை சிகிச்சை மையங்கள்ல 1,281 பேரு, 12 மையம். ஒரு குழுவுக்கு "டெஸ்ட் எடுக்க இந்த இடத்துக்குப் போங்க"னு விலாசம் குடுத்து அனுப்பினாங்க. மத்தவங்களுக்கு அந்த மையத்துலயே, அவங்க உக்காந்திருக்கிற இடத்துலயே டெஸ்ட் எடுத்தாங்க. விலாசம் வாங்கிட்டுப் போனவங்கள்ல 18 சதவீதம்தான் டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வாங்கினாங்க. அங்கயே எடுத்தவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல. இந்த ஒரு வரிய நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். நாங்க செராமா முடிவுல என்ன பண்ணோம், கிளினிக் விலாசம் போட்ட ஒரு பேப்பர் குடுத்தோம், அவ்வளவுதானே. அந்த லோரி தம்பியோட சட்டைப் பாக்கெட்லயும் அந்தப் பேப்பர் இருந்திருக்கும்.

அதே ஆய்வுல, அங்கயே டெஸ்ட் எடுத்தவங்கள்ல பாதிக்கு கவுன்சலிங்கும் சேர்த்தாங்க, நடத்தை மாற்றத்துல வித்தியாசம் வரல. ரெண்டு ஆய்வும் ஒரே பக்கம் காட்டுது. டீச்சர் அக்காகிட்ட இதச் சொல்றது எனக்கு கஷ்டமா இருந்துச்சு, ஆனா அவங்க பொறுமையா கேட்டுட்டு, "சரி தம்பி, பேசறது நிறுத்த வேணாம், பேசறதுக்குனு தனியா காசு போட வேணாம்"னு சொன்னாங்க. அதுதான் சரியான வார்த்தை.

இப்ப தலைவர் அண்ணே நடுவுல கொண்டு வந்த யோசனை. ஊர்ல மதிப்பு இருக்கிற பையனுங்கள பிடிச்சு, பயிற்சி குடுத்து, அவங்க கூட்டாளிங்ககிட்ட ஒட்டுக்கடையிலயும் புட்சால் கோர்ட்லயும் சாதாரணமா பேச விடறது. இதுக்குப் பின்னாடி பெரிய ஆராய்ச்சி வரலாறே இருக்கு. ஜெப்ரி கெல்லினு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், 1989-ல 104 ஆண்கள வச்சு 12 வாரம் குழுப் பயிற்சி நடத்திப் பார்த்தார், பலன் இருந்துச்சு, ஆனா 12 வாரம் வர வைக்கிறது எவ்வளவு கஷ்டம். அதனால 1991-ல அமெரிக்கத் தெற்கில சின்ன ஊர்கள்ல கே பார்கள்ல யாரு பேச்ச மத்தவங்க கேக்கிறாங்கனு பார்டெண்டர்கிட்ட கேட்டுக் கண்டுபிடிச்சு, அவங்களுக்குப் பயிற்சி குடுத்து பேச விட்டார். ஆபத்தான உறவு சுமார் கால்வாசி குறைஞ்சதா வந்துச்சு. 1997-ல இன்னும் எட்டு ஊர்ல செஞ்சு லேன்செட் இதழ்ல போட்டாங்க, அங்கயும் பலன்.

அப்புறம் இத உலகம் முழுக்க சோதிச்சாங்க, அஞ்சு நாடு, சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, சிம்பாப்வே. இந்தியாவுல எங்க தெரியுமா, நம்ம சென்னையில, அதுவும் வைன் ஷாப்ல. குடிக்க வர்றவங்க மத்தியில யாரு பேச்சுக்கு மதிப்பு இருக்கோ அவங்களுக்குப் பயிற்சி. இதப் படிக்கிறப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா நம்ம பக்கத்துல அந்தக் காலத்து கள்ளுக்கடை, இப்ப சாயங்காலம் பையனுங்க கூடுற கடை எல்லாம் அதே மாதிரி இடம்தானே, நமக்குப் பொருந்துற ஆய்வு இதுதான்னு நினைச்சேன். 2010-ல முடிவு வெளிவந்துச்சு. தலைவர்கள் பேசின இடத்துலயும் ஆபத்தான உறவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, பேசாத இடத்துலயும் அதே மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. வித்தியாசமே இல்ல.

இங்கதான் என் ரெண்டாவது கேள்வி உதவுச்சு, யாரோட ஒப்பிட்டாங்க? ஒப்பீட்டு இடத்துலயும் அவங்க சும்மா விடல, எச்ஐவி பத்தின கல்வி, டெஸ்ட், ஆணுறை, பாலியல் நோய் இருந்தா சிகிச்சை, எல்லாம் குடுத்திருக்காங்க. அது மனசாட்சிப்படி செய்ய வேண்டியதுதான். ஆனா அதுல ஒரு செய்தி இருக்குனு எனக்குப் படுது. கைக்கு எட்டுற மாதிரி டெஸ்ட்டும் ஆணுறையும் சிகிச்சையும் கிடைச்ச இடத்துல, தலைவர் பேச்சு அதுக்கு மேல கூட்டினது ஒண்ணும் இல்ல. லண்டன்ல ஜிம்கள்ல இதே முறைய செஞ்சு பார்த்தப்பவும் பலன் வரல.

இன்னொரு விசயம் ஆராய்ச்சில இல்லாதது, நம்ம ஊர் விசயம். கெல்லியோட ஆய்வுல அந்த ஆண்கள் பாருக்குப் போறது வீட்டு ஆளுங்க கண்ணுக்குத் தப்பித்தான் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். பாகான் டாலாம்ல மதிப்பு இருக்கிற பையன்னா அவன் பாதிப் பேருக்கு மச்சான், மீதிப் பேருக்கு மாமன் மகன். அவன்கிட்ட போய் எனக்கு சந்தேகமா இருக்குனு எவன் சொல்லுவான்? சொன்னா ராத்திரிக்குள்ள பெரியம்மா வீடு வரைக்கும் போயிடும்ங்கிற பயம்தான் நம்ம சனங்களுக்கு நோயவிடப் பெருசு. அதனால தலைவர் அண்ணே யோசனையிலருந்து ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டோம், பேசறவன் நம்ம சனமா இருக்கணும், ஆனா நம்ம தாமான்ல, அதாவது நம்ம குடியிருப்புல, இருக்கிறவனா இருக்கக் கூடாது.

சரி, கிட். உலக சுகாதார நிறுவனம் 2016 டிசம்பர்லயே எச்ஐவி சுய பரிசோதனைய பரிந்துரை பண்ணிடுச்சு. ஆஸ்திரேலியாவுல சிட்னி, மெல்பர்ன்ல 362 ஆண்கள வச்சு ஒரு ஆய்வு, பாதிப் பேருக்கு இலவசமா கிட், பாதிப் பேரு வழக்கம் போல கிளினிக். கிட் கிடைச்சவங்க வருசத்துக்கு சராசரியா நாலு தடவை டெஸ்ட் எடுத்தாங்க, மத்தவங்க ரெண்டு தடவை. அதுல முக்கியமானது, அதுக்கு முன்னாடி அபூர்வமா டெஸ்ட் எடுத்தவங்க கிட்டத்தட்ட நாலு மடங்கு கூட்டிட்டாங்க. நமக்கு வேண்டிய ஆளு அவங்கதான், வெக்கப்பட்டு தள்ளிப் போடறவங்க.

வாய் கிட் ரொம்ப சுலபம், ரத்தம் வேணாம், மேல் ஈறு கீழ் ஈறுல ஒரு தடவை தேய்ச்சு டியூப்ல வச்சா 20 நிமிசத்துல தெரியும், 40 நிமிசம் தாண்டிப் பார்க்கக் கூடாது. ஒரு கோடுனா நெகட்டிவ், ரெண்டு கோடுனா கிளினிக்ல ரத்தம் குடுத்து உறுதிப்படுத்தணும், அது முடிவான ரிசல்ட் கிடையாது. ஆபத்தான உறவு நடந்து மூணு மாசம் ஆகலனா நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது, மறுபடி எடுக்கணும். வாங்கினா மலேசியாவுல பதிவான கிட்டா பார்த்து வாங்குங்க, ஆன்லைன்ல மலிவா கிடைக்குதுனு எதையாவது வாங்கி ஒருத்தன் வாழ்க்கையில விளையாடிடாதீங்க.

ஆனா கிட்ட மட்டும் குடுத்துட்டு வந்துட முடியுமா? ராத்திரி பதினோரு மணிக்கு வாடகை ரூம்ல தனியா ஒரு பையன் ரெண்டாவது கோட்ட பார்க்கிறான்னு வைங்க. அந்த நேரத்துல அவன் யாருக்கு போன் போடுவான்? எங்க கமிட்டில இந்தக் கேள்விய நான் கேட்டப்ப கொஞ்ச நேரம் யாருமே பேசல.

மறுபடியும் மெட்ச் பேர் இருக்கிற கட்டுரைக்கு வர்றேன், 2005-ல வந்த ஆர்டாஸ் ஆய்வு. புதுசா எச்ஐவினு தெரிஞ்ச 273 பேரு. பாதிப் பேருக்கு தகவலும் கிளினிக் விவரமும். மீதிப் பேருக்கு ஒரு ஆளு, 90 நாள்ல அதிகபட்சம் அஞ்சு தடவை சந்திச்சு, உனக்கு என்ன பலம் இருக்கு, என்ன தடங்கல் இருக்குனு பேசி, வேணும்னா கூடவே கிளினிக்குக்குப் போவாங்க. ஆறு மாசத்துக்குள்ள டாக்டர பார்த்தவங்க, தகவல் மட்டும் கிடைச்சவங்கள்ல 60 சதவீதம், ஆளு கூட இருந்தவங்கள்ல 78 சதவீதம். அஞ்சே சந்திப்பு. இதுக்கு டிகிரி வேணாம், பொறுமையும் வாய கட்டுற குணமும் வேணும், பயிற்சி வேணும்.

இது சிகிச்சைதானே, தடுப்பு எப்படி ஆகும்னு பொருளாளர் கேட்டார், நியாயமான கேள்வி, காசு குடுத்தவங்க தடுப்புக்குனுதானே குடுத்தாங்க. 2011-ல எச்பிடிஎன் 052-னு ஒரு ஆய்வு வந்துச்சு, 1,763 தம்பதிங்க, ஒருத்தருக்கு எச்ஐவி இருக்கு, இன்னொருத்தருக்கு இல்ல, சென்னையும் அதுல ஒரு இடம். சீக்கிரமே மருந்து ஆரம்பிச்சவங்ககிட்டருந்து துணைக்குப் பரவறது 96 சதவீதம் குறைஞ்சுது. அப்புறம் ஐரோப்பாவுல நடந்த பார்ட்னர் ஆய்வுகள்ல, மருந்து ஒழுங்கா சாப்பிட்டு ரத்தத்துல கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கினவங்ககிட்டருந்து துணைக்குப் பரவினது ஒண்ணு கூட இல்ல. நம்ம நாட்டுல அரசாங்க கிளினிக்ல முதல் கட்ட மருந்து இலவசம். ஆக ஒருத்தன கைபிடிச்சு மருந்து வரைக்கும் கொண்டு போய் விட்டா, அவன் பொண்டாட்டிய காப்பாத்தினதும் அதுதான். பொருளாளர் அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல, கணக்குப் புத்தகத்த எடுத்துட்டார்.

ஆனா இந்த வழிலயும் ஒரு ஓட்டை இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். 2016-ல மெட்ச் தலைமையில ஹோப் ஆய்வு, ஆஸ்பத்திரில படுத்திருந்த, எச்ஐவியும் போதைப் பழக்கமும் சேர்ந்திருந்த 801 பேரு. மூணு குழுவா பிரிச்சாங்க, ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், மத்த ரெண்டு குழுவுக்கும் ஆறு மாசம் கூட இருந்து வழிகாட்ட ஆளு குடுத்தாங்க, அதுல ஒரு குழுவுக்கு அதோட சன்மானக் காசும். காசும் ஆளும் சேர்ந்த குழுல ஆறாவது மாசம் நல்ல பலன் தெரிஞ்சுது. 12-வது மாசம் அளந்தா மூணு குழுலயும் கிருமி கட்டுப்பட்டவங்க மூணுல ஒரு பங்கு சுமாருக்குத்தான், வித்தியாசம் கரைஞ்சு போச்சு. ஆளு விலகினதும் பலனும் விலகிடுச்சு. அவங்க எல்லாம் ரொம்ப நலிஞ்ச நிலைமையில இருந்தவங்க, ஆர்டாஸ்ல இருந்த மாதிரி புதுசா தெரிஞ்சவங்க இல்ல, அது பெரிய வித்தியாசம். இருந்தாலும் இதுல நான் எடுத்துக்கிட்டது, ஆறு மாசத்துக்கு ஆள வச்சு அப்புறம் காசு தீர்ந்து போச்சுனு கைய விரிக்கிறதா இருந்தா ஆரம்பிக்கவே கூடாது. குறைஞ்சது ஒரு வருசத்துக்குக் கணக்குப் போடணும், குறைவான ஆளுங்களா இருந்தாலும் பரவால்ல.

பிரெப் பத்தி சுருக்கமா. எச்ஐவி இல்லாதவங்க முன்கூட்டியே சாப்பிடற மாத்திரை. 2010-ல ஐபிரெக்ஸ் ஆய்வுல 44 சதவீதம் பாதுகாப்புனு வந்துச்சு, நிறைய பேரு ஒழுங்கா சாப்பிடல, அதான் குறைவு. இங்கிலாந்துல 544 ஆண்கள வச்சு நடந்த பிரவுட் ஆய்வு 2015-ல வந்துச்சு, 86 சதவீதம், உடனே மாத்திரை குடுத்த குழுல 3 பேருக்குத் தொற்று, தள்ளிக் குடுத்த குழுல 20 பேருக்கு. ஒழுங்கா சாப்பிட்டா இதவிட வலுவான தடுப்பு நான் படிச்ச எந்த நடத்தைத் திட்டத்துலயும் இல்ல, இத மறுத்துப் பேச முடியாது. மலேசியாவுல 2023-லருந்து தேர்ந்தெடுத்த கிளினிக் கெசிஹாத்தான்கள்ல, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்குகள்ல, இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க. அப்போ நாங்க மாத்திரைக்குக் காசு போட வேண்டிய அவசியமே இல்ல. தேவைப்படறது என்னன்னா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எச்ஐவி டெஸ்ட், கிட்னி, ஹெப்படைட்டிஸ் பி பார்க்கணும், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை போகணும், இதுக்கெல்லாம் ஷிப்ட் வேலை பார்க்கிற பையனுக்கு லீவு எடுக்கணும், கவுண்டர்ல மலாய்ல விளக்கிச் சொல்லணும், வெக்கத்த விழுங்கணும். மறுபடியும் அதே கூட வர்ற ஆளுதான். டெஸ்ட்ல நெகட்டிவ் வந்தவன பிரெப் பக்கம் கூட்டிட்டுப் போறதும் பாசிட்டிவ் வந்தவன மருந்து பக்கம் கூட்டிட்டுப் போறதும் ஒரே ஆளோட வேலை, அத கவனிச்சப்பதான் எங்க கமிட்டில எல்லார் குரலும் ஒண்ணாச்சு.

பிரெப்புக்கு எதிரா ஒருத்தர் சொன்னார், இது பையனுங்கள கெட்ட வழிக்குத் தைரியம் குடுக்கிற மாதிரினு. நான் அவர்கிட்ட சண்டை போடல. பிரவுட் ஆய்வுல மத்த பாலியல் தொற்றுகள்ல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் வரலனு காட்டினேன், அப்புறம் அந்த லோரி தம்பியோட அம்மா இப்ப எங்க வேலை பார்க்கிறாங்கனு சொன்னேன், கேன்டீன்ல தட்டு கழுவுறாங்க, 63 வயசுல. அவர் அடுத்த மீட்டிங்ல கைய தூக்கி ஓட்டுப் போட்டார்.

கணக்கு இதுதான். கிட்டுக்கு 3,000 வெள்ளி. ரெண்டு ஆளுங்க, ஒரு தம்பி ஒரு அக்கா, பெட்ரோலுக்கும் போனுக்கும் மாசம் ஆளுக்கு 150, ஒரு வருசத்துக்கு 3,600. பயிற்சிக்கு 600. மீதி 800 அவசரத்துக்கு, கிளினிக் போக கிராப் காசு இல்லாதவங்க, ஒரு நாள் சம்பளம் போயிடுமேனு பயப்படறவங்க, அவங்களுக்கு. மலேசிய எய்ட்ஸ் மன்றத்தோட சேர்ந்திருக்கிற அமைப்பு ஒண்ணுகிட்ட பயிற்சி கேட்டிருக்கோம், ரெண்டு பேருமே வேற தாமான்லருந்து வர்றவங்க, ஒருத்தர் ஜூரு பக்கம், இன்னொருத்தர் தீவுல. பேர எழுதி வைக்க மாட்டாங்க, நம்பர் மட்டும்தான், கமிட்டிக்கு வர்ற கணக்குல எத்தனை கிட் போச்சு, எத்தனை பேரு கிளினிக் வரைக்கும் போனாங்கங்கிற எண்ணிக்கை மட்டும் இருக்கும். எனக்குப் பிடிச்ச அளவுகோல் ரெண்டாவதுதான், கிட் எத்தனை குடுத்தோம்ங்கிறத வச்சு பெருமை பேச மாட்டோம்.

அந்த அக்காவ சேர்க்கிறதுக்கு டீச்சர் அக்காதான் பிடிவாதம் பிடிச்சாங்க, நாங்க ஆம்பளைங்க எல்லாம் பையனுங்கள மட்டும்தான் யோசிச்சிட்டு இருந்தோம். புருசன் மேல சந்தேகம் வந்து, யாருகிட்டயும் கேக்க முடியாம இருக்கிற பொம்பளைங்களுக்கு ஒரு ஆம்பளைப் பையன் நம்பர குடுத்தா போன் போடுவாங்களானு கேட்டாங்க. எங்ககிட்ட பதில் இல்ல.

இன்னும் ஒண்ணு மட்டும் எங்களுக்கு ஓடிட்டு இருக்கு. ரெண்டு பேருக்கும் 150 வெள்ளிங்கிறது பெட்ரோலுக்கே சரியா போயிடும், ராத்திரி வர்ற போனுக்கு நாங்க ஒண்ணும் குடுக்கல. செந்தூல்லயோ கிள்ளான்லயோ இந்த மாதிரி ஆளு வச்சு நடத்தினவங்க யாராச்சும் இருந்தா, அவங்க அலுத்துப் போயி விட்டுப் போகாம எப்படி வச்சிருந்தீங்க, ராத்திரி போன யாரு மாத்தி எடுத்தாங்கனு சொல்லுங்க. பயிற்சி அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, அதுக்கு முன்னாடி தெரிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்.